கண்ணை மூடிக்கொண்டு

"தம்பி, கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டுப் பதில் சொல்லுங்க."

கணினித் திரையில் தெரிந்த இளைஞன் உடனே மூடவில்லை. அவன் பார்வை இடது பக்கம் ஓடித் திரும்பியது.

"கண்ணையா சார்?"

"ஆமா. இப்பல்லாம் நேர்காணல்ல எல்லாரையும் இப்படித்தான் கேட்கிறோம். பயப்படாதீங்க."

சொல்லிவிட்டுத் தலைமைப் பொறியாளர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே இருந்த தாடிக்காரர், பேச்சு வெளியே போகாதபடி பொத்தானை அழுத்திவிட்டுச் சிரித்தார்.

"மாட்டினான் சார். ஒவ்வொரு கேள்விக்கும் இடது பக்கம் பார்க்கிறான். நாலு செகண்டு கழிச்சுத்தான் வாயைத் திறக்கிறான். அங்க ஏஐ ஓடுது. அது எழுதித் தருது, இவன் வாசிக்கிறான்."

"குரலைக் கவனிச்சீங்களா? ஏத்த இறக்கமே இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி" என்றார் தலைமைப் பொறியாளர்.

அவருக்கு உள்ளூர வருத்தம்தான். விண்ணப்பித்த இருநூறு பேரில் இவன் எழுதி அனுப்பிய டிக்கெட் புக்கிங் புரோகிராம்தான் சுத்தம். நல்ல கொத்தனார் பூசிய சுவர் போல, எங்கே தொட்டாலும் கை வழுக்கியது. "எட்டு மாசமா வேலை இல்லை சார். பழைய கம்பெனியில நாற்பது பேரை ஒரே மெயில்ல அனுப்பிட்டாங்க. மனைவியும் குழந்தையும் மாமனார் வீட்டுல இருக்காங்க. இது கிடைச்சா கூட்டிட்டு வந்திடுவேன்" என்று ஆரம்பத்தில் அவன் சொன்னபோதே, மனதுக்குள் வேலையைக் கொடுத்துவிட்டிருந்தார். ஆனால் இந்த வருடம் மட்டும் ஏழு பேர் ஏஐயை வைத்து அவரை ஏமாற்றியிருந்தார்கள். சூடு கண்ட பூனை அவர்.

பொத்தானை மறுபடி அழுத்தினார்.

"என்ன தம்பி, இன்னும் மூடலையா?"

திரும்பவும் இடது பக்கம். திரும்பவும் அந்த நாலு செகண்டு. "சார், நான் முன்னாடியே எழுதி..."

"எழுதினதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இப்ப மனசுல இருந்து வரட்டும். மூடுங்க."

அவன் மூடிக்கொண்டான்.

"ஒரே சீட்டை ஒரே நேரத்துல ரெண்டு பேர் புக் பண்ணினா, உங்க புரோகிராம் என்ன செய்யும்?"

அவனே எழுதியது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டியது. பத்து செகண்டு போயிற்று. இருபது போயிற்று. அவன் செதுக்கி வைத்த சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"தம்பி?"

அதற்கும் அசையவில்லை.

தாடிக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டார். "ஒயரைப் புடுங்கின ரேடியோ!"

அரை நிமிடம் கழித்து அவன் மெல்ல ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "கேள்வி கேட்டுட்டீங்களா சார்?"

"நக்கலைப் பாருங்க" என்றார் தாடிக்காரர்.

"போதும் தம்பி. இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாது."

அவன் பார்வை மறுபடி இடது பக்கம் ஓடியது. முகம் மாறி, அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தலைமைப் பொறியாளர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"நம்ம வாட்ஸ்அப் குழுவுல அவன் பேரைப் போட்டுவிடுங்க. வேற எங்கயும் போய் ஏமாத்தக் கூடாது."

மற்ற கம்பெனிகளில் ஆள் எடுப்பவர்கள் எல்லாம் இருக்கிற குழு அது. தாடிக்காரர் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பது பேர் படித்துவிட்டார்கள்.

ஆள்தேர்வுப் பிரிவு அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், அந்தத் தம்பி எப்படி? நான்தான் இந்த ஆளை விடக் கூடாதுன்னு பிடிச்சு வச்சேன்."

"நல்ல ஆளாப் பிடிச்சீங்கம்மா. கண்ணை மூடச் சொன்னேன், வாயும் சேர்ந்து மூடிக்கிச்சு."

அவர் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"கண்ணை மூடச் சொன்னீங்களா? அவருக்குக் காது கேட்காது சார். நாம பேசுறது திரையோரத்துல எழுத்தா ஓடி மறையும், அதைப் படிச்சுத்தான் பதில் சொல்வார். விண்ணப்பக் கடிதத்துல முதல் வரியே அதுதானே, நீங்க படிக்கலையா?"

தலைமைப் பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். காலையில் அந்தக் கடிதத்தை ஏஐயிடம் கொடுத்து, மூன்று வரியில் சுருக்கித் தரச் சொல்லி, அந்த மூன்று வரியை மட்டும்தான் அவர் படித்திருந்தார்.