உரைகல்

மூன்றாவது தடவையாக அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான், அபிலாஷ், ஃபஹீமா.

துடியலூரில் மோட்டார் உதிரிபாகக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அறையில் யாருக்கும் பேசத் தோன்றாது.

தோட்டத்து மோட்டாரைச் செல்போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு செயலி செய்து விற்கிறோம். போன மாதம் கொடுமுடிப் பக்கம் ஒரு மோட்டார், நிறுத்தச் சொன்ன பிறகும் நிற்கவில்லை. வற்றிய கிணற்றில் வெறுமனே ஓடி எரிந்துபோனது.

தோட்டக்காரர் மாசாணம் என்னைத் திட்டவில்லை. "ஏனுங்க அம்மணி, எல்லாம் ஓட்டிப் பாத்துப்போட்டுத்தானே குடுத்தீங்க?" என்று மட்டும் போனில் கேட்டார்.

ஓட்டித்தான் பார்த்திருந்தோம். ஆனால் நாங்கள் வைத்திருந்த டெஸ்ட் லைப்ரரியை, அதை எழுதியவர்களே கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது; இந்தப் பிழை அதில் சிக்கவில்லை.

செயலியை வெளியே விடும் முன் எல்லா விதத்திலும் ஓட்டிச் சோதிக்க உதவும் நிரல் தொகுப்பு அது. யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதி இலவசமாக வெளியிடுவார்கள். நாங்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்வோம். இப்போது புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்த்ததில் இரண்டு மிஞ்சின.

ஒன்று பெரிய வெளிநாட்டு நிறுவனத்துடையது. அதைப் பழகுவதற்குள் பாதி உயிர் போய்விடும்.

இன்னொன்றின் பெயர் உரைகல். சஹீர் என்ற ஒரே ஆள் எழுதியது.

அபிலாஷ் உரைகல் கட்சி. "எந்தச் சந்தேகம் கேட்டாலும் உடனே பதில் போட்டுருவாருங்க கிருபாக்கா. அதும் நம்ம உக்கடத்துக்காரராம். இவ்வளவு பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டு வேற எதுக்குங்க?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. உண்மையில், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் நிலையில்தான் இருந்தேன்.

ஃபஹீமாதான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். அதிகம் பேசமாட்டாள். கண்ணில் எப்போதும் ஒரு தூக்கம் பாக்கி இருக்கும்.

மூன்று மீட்டிங்கிலும் அவள் ஒன்றையேதான் சொன்னாள். "ஒத்தை ஆளை நம்பி எடுக்க வேண்டாமுங்க. அந்த ஆளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

பெரியதை எடுத்தால் பழைய டெஸ்டுகளை எல்லாம் முதலிலிருந்து திருப்பி எழுத வேண்டியவள் அவள்தான். அதனாலேயே அவள் பிடிவாதம் எனக்குப் பிடிபடவில்லை.

"அவருக்கு என்னக்கா ஆகப்போவுது? வேணும்னா இப்பவே கேட்டர்றேன்" என்று அபிலாஷ் மடிக்கணினியை இழுத்தான். தட்டத் தட்ட வாய்விட்டுப் படித்தான். உங்கள் உரைகல்லை எங்கள் செயலிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். இனி வரும் வருடங்களிலும் அதைக் கவனித்துக்கொள்வீர்களா? நாளைக்கு உக்கடத்துக்கே வந்து உங்களைப் பார்க்கலாமா?

அனுப்பினான்.

மேசைமேல் இருந்த ஃபஹீமாவின் போன் அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேர்ல போகாதீங்க அபிலாஷ். அவன் உசுரோட இல்லீங்க" என்றாள்.

நேற்றுச் சேர்ந்த பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுகிறவள். அந்த 'அவன்' எனக்கு உறுத்தியது.

"சஹீர் என்னோட தம்பிங்க. மவுத்தாகி ரெண்டு வருசமாச்சு."

அபிலாஷ் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அக்கா, போன வாரங்கூட எனக்குப் பதில் போட்டாருங்களே."

ஃபஹீமா போனை மேசை நடுவே நகர்த்தினாள். திரையில் அவன் சற்றுமுன் படித்த கேள்வி, அதே சொற்களில், சஹீரின் பெயருக்கு வந்திருந்தது.

"அவன் போனதுக்கப்பறமும் ஆளுக கேட்டு எழுதிக்கிட்டே இருந்தாங்க. ஒருத்தருக்குப் பதில் போட்டேன். அவங்களுக்குத் தெரியாதில்லீங்களா, நன்றி சஹீர்னு எழுதியிருந்தாங்க. அதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். அன்னைக்குத்தான் அது ஒழுங்கா சோறு தின்னுச்சு."

திரை அணைந்துவிடாதபடி விரலால் ஒருமுறை தொட்டாள்.

"அப்பறம் எங்கீங்க நிறுத்தறது? இங்க வேலை முடிஞ்சு ஊட்டுக்குப் போனா அங்க அவன் வேலை கெடக்குது. அவனளவுக்கு எனக்குத் தெரியாது. படிச்சுப் படிச்சுத்தான் பதில் போடறேன். முடியலீங்க கிருபா."

திரையிலிருந்த கேள்வியை இன்னொருமுறை படித்தேன்.

"அபிலாஷ் கேட்டிருக்காரு. என்ன பதில் போடட்டுங்க?" என்றாள். அபிலாஷிடம் இல்லை, என்னிடம்.

"இனி முடியாதுன்னு போட்டுருங்க" என்றேன்.

போனைத் திரும்ப எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அதைப் பார்க்க மாட்டாமல் நானும் அபிலாஷும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். கீழே மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று கையை எடுக்காமல் ஹாரனை அடித்தபடி கடந்துபோனது.

அபிலாஷின் மடிக்கணினியில் பதில் வந்து விழுந்த சத்தம் கேட்டது.

அவன் அதைத் திறக்கவில்லை. மூடியை மெதுவாகச் சாய்த்து மூடினான்.

"பெருசையே எடுத்துக்கலாமுங்க அக்கா" என்றான். "டெஸ்டெல்லாம் நான் எழுதிக்கறேன்."

ஃபஹீமா மேசைமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தோம்.

தூங்கிவிட்டிருந்தாள்.

அந்த அறைக்கு அடுத்த மீட்டிங் ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். நான் எழுந்துபோய், வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.