குனிந்த தலைகள்

ஒழுக்கத்தையே இஸ்திரி போட்டு மாட்டியதுபோல், கோட்டும் டையுமாகப் பள்ளி வாசலில் நின்றார் தலைமையாசிரியர். பிள்ளைகளைக் கொண்டுவிட நைட்டியில் வந்த அம்மாக்களை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

“படுக்கையிலேர்ந்து எழுந்து நேரா ஸ்கூலுக்கா? நாலு பேர் பார்ப்பாங்களேன்னு கூச்சம் வேண்டாம்?”

அம்மாக்கள் குனிந்த தலை நிமிராமல், வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். ‘பயம்னா இதுதான் பயம்’ என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போது தெருமுனையிலிருந்து இன்னொரு நைட்டி ஓட்டமும் நடையுமாக வந்தது. பார்த்தால், அவர் மனைவி.

“நீயுமா? என் மானத்தை வாங்கவா இப்படி வந்தே?”

“காப்பாத்த வந்தேன்.” மூச்சிரைக்கப் பையை நீட்டினாள். “கோட்டை மாட்டினா போதுமா? பைஜாமாவை மாத்த வேண்டாமா? இந்தாங்க பேண்ட்.”