மூன்றாவது படம்

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் பவளக்கொடியை முதன்முதலாக அந்த வீட்டுக்குள் அழைத்தார்கள். வேறு சாதிப் பெண். குடும்பப் படம் எடுக்கும்போது கணவன் சேந்தன் நடுவரிசையில் அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டான். அவள் மட்டும் எல்லோருக்கும் பின்னால், தூணோரமாக நின்றாள்.

“யாரும் அசையாதீங்க. முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு தனித்தனியா ஃபோகஸ் வச்சு மூணு எடுக்கிறேன். கம்ப்யூட்டர்ல ஒண்ணாச் சேர்த்துட்டா எல்லா முகமும் தெளிவா விழும்” என்றார் போட்டோகிராபர்.

“நானுமாண்ணே?” என்று கேட்டுவிட்டாள். யாரோ சிரித்தார்கள். மூன்றாவது படத்துக்கு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள்.

பந்தி முடிந்து காபி கொண்டுபோனபோது, முன்னறையில் சேந்தனின் குரல் கேட்டது.

“மூணாவதைச் சேர்க்க வேணாம்ணே. சொந்தக்காரங்களுக்கெல்லாம் குடுக்கிற படம்.”

“உங்க சம்சாரம் முகமே தெரியாதே தம்பி. கலங்கலா இருக்கும்.”

“இருக்கட்டும்.”

அவள் உள்ளே நுழைந்ததும் சேந்தன் சிரித்தான். “உன்னைப் பத்திதான் பேசிட்டிருந்தோம். நல்லா விழுந்திருக்கியாம்.”

போட்டோகிராபர் குனிந்து கேமராவைத் துடைக்கத் தொடங்கினார். அவள் தம்ளரைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“அந்த மூணாவதைக் காட்டுங்கண்ணே.”