கிருபாவை விசாரிக்க வந்தவர்

"பையன் குடிப்பானுங்க."

செங்கோட்டையன் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். வாசலில் நின்றிருந்த வெள்ளை வேட்டிக்காரருக்கு முகம் சுருங்கிப்போனது.

"கிருபாசங்கருங்களா? பாத்தா அப்படித் தெரியலீங்களே?"

"பாத்தா எப்படீங்க தெரியும்? பொழுது சாஞ்சதுக்கப்புறம் வந்து பாருங்க. சகவாசமும் சரியில்லீங்க. போன மாசம் பஸ் ஸ்டாண்டுல ஒரே அடிதடி. எதுக்குங்க, அடுத்த ஊட்டுக் கதையெல்லாம் நம்ம வாயால..."

சொல்வதையெல்லாம் சொல்லிவிட்டுப் பெருமூச்சு வேறு! வந்தவர் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தார்.

உள்ளே இருந்து மனைவி மாசாணியம்மாள் பாய்ந்து வந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எதுத்த ஊட்டுப் பையன். காப்பி கூடக் குடிக்க மாட்டான். அவன் மேல போயி இப்படிப் பழியப் போடறீங்களே!"

"மெதுவாப் பேசு. வந்தவரு பொண்ணு ஊட்டுக்காரரு. வெள்ளை வேட்டி, கையில மஞ்சப்பை. பையன் எப்படி, குணம் எப்படின்னு கேக்கறாரு. வேற எதுக்காம்? தங்கமான பையன்னு சொன்னா நாளைக்கே தட்டத்தோட வந்து நிப்பாங்க. அப்புறம் நம்ம லோகப்பிரியாவுக்கு?"

மாசாணியம்மாள் கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். மகளுக்கு அந்த மாப்பிள்ளை அமைய வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான்.

இல்லாமலா இருக்கும்? ஏர்போர்ட்டை ஒட்டிய சின்னியம்பாளையத்துக்காரர்களுக்குத் தலைக்கு மேல் பிளேன் போவது புதுசில்லை. ஆனால் செங்கோட்டையன் மட்டும் இன்றைக்கும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்பார். அந்தப் பிளேனுக்கு நேர் முன்னால் நின்று, இரண்டு கையிலும் மட்டையைப் பிடித்துக்கொண்டு, "வா... வா... நில்லு" என்று சைகை காட்டுகிற வேலை கிருபாவுக்குக் கிடைத்திருந்தது. இவன் கையைத் தூக்கினால் அத்தனாம் பெரிய பிளேன் அப்படியே நின்றுவிடுமாம்! ஒரு எருமையை நிறுத்தவே தொண்டை கிழியக் கத்துகிறவர் செங்கோட்டையன். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு சிலிர்த்துப்போகும்.

சாயங்காலம் அந்தக் கிருபாவே வந்தான்.

"மாமா, என்னையப் பத்தி விசாரிச்சுக்கிட்டு யாராச்சும் வந்தாங்களா?"

"எதுக்குக் கண்ணு கேக்கறே?"

"ஏர்போர்ட்டுக்குள்ள போறதுக்கு பாஸ் வேணுமுங்க மாமா. அதுக்கு முன்னாடி போலீஸ்ல நம்மளப் பத்தி அக்கம்பக்கம் கேப்பாங்க. யூனிபார்ம்ல வர மாட்டாங்களாம். குடி, அடிதடின்னு எதாச்சும் காதுல விழுந்துச்சுன்னா அவ்வளவுதான், வேலை போச்சு. வந்தாங்கன்னா நீங்க ஒரு வார்த்தை நல்லபடியாச் சொல்லிப்போடுங்க. உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன்."

செங்கோட்டையன் தலையை ஆட்டி அவனை அனுப்பிவைத்தார். குடி, அடிதடி. ஒன்றுக்கு இரண்டாகத்தானே சொல்லி அனுப்பியிருக்கிறார்! பாவி, படுபாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். ராத்திரி தட்டில் போட்ட சோறு அப்படியே கிடந்தது.

"ஸ்டேசனுக்குப் போயி உண்மையச் சொல்லிப்போட்டு வந்தர்றேன்" என்றார்.

"பொய் சொன்னதுக்கு உங்களைப் புடிச்சு உள்ள வெச்சுட்டாங்கன்னா? எதுக்குச் சொன்னேன்னு கேட்டா பொண்ணு பேரும் சேந்து சந்தி சிரிக்குமே" என்று அழுதாள் மாசாணியம்மாள்.

"சிரிச்சாச் சிரிக்கட்டும். ஒரு பையனோட பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு நான் எப்படி நிம்மதியா உக்காந்திருப்பேன்?"

மறுநாள் ஸ்டேஷனில் அதே ஆள், காக்கிச் சட்டையில் இருந்தார். ஏட்டு பாலகோபாலாம். செங்கோட்டையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"அய்யா, நேத்து நான் சொன்னது பூராப் பொய்யுங்க. நீங்க பொண்ணு ஊட்டுக்காரருன்னு நெனச்சுப்போட்டேன். அவனை எம் பொண்ணுக்குக் கட்டி வெக்கோணும்னு ஆசைப்பட்டு, வாய் கூசாமச் சொல்லிப்போட்டனுங்க. என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவன் வேலையக் கெடுத்துப்போடாதீங்க."

"ரிப்போர்ட் காலையிலயே போயிருச்சுங்களே!"

செங்கோட்டையன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அட, அழுவாதீங்க. நல்ல பையன்னுதான் எழுதியிருக்கேன்."

"நான் அவ்வளவு சொல்லியுமா?"

"நீங்க மட்டுமா சொன்னீங்க? உங்க வீதியில பாதிப்பேர் தங்கம்னாங்க, பாதிப்பேர் குடிகாரன்னாங்க. எனக்கே தலை சுத்திப்போச்சு. அப்புறம் ஒவ்வொரு ஊட்டையும் பத்தி விசாரிச்சுப் பாத்தேன். குடிகாரன்னு சொன்ன ஊட்லயெல்லாம் கல்யாண வயசுல பொண்ணு இருக்குது!"

செங்கோட்டையன் பிளேனைப் பார்ப்பதுபோல் ஏட்டையே வாய் பிளந்து பார்த்தார். அடேயப்பா, என்ன மூளை! அதைவிட, பாதி வீதி பொய் சொல்லியும் மறைக்க முடியாத அளவுக்கு அந்தப் பையன் எப்பேர்ப்பட்டவன்!

"இத்தனை பேர் மருமகனாக்கிக்க அடிச்சுக்கற பையனை என் சர்வீஸ்ல பாத்ததில்லீங்க" என்ற பாலகோபால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் தணிந்தது.

"இப்பக் கேக்கறது போலீஸ்காரன் இல்லீங்க. நானும் உங்க சனந்தான். எனக்கும் ஒரு பொண்ணு இருக்குது. அந்தப் பையனுக்கு நம்பிக் குடுக்கலாமுங்களா?"

செங்கோட்டையனுக்கு லோகப்பிரியாவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"கண்ணை மூடிட்டுக் குடுக்கலாமுங்க" என்றார்.