முகம் தெரியும் பக்கம்

“என்னப்பா, உன் வீட்டுக்காரி முகத்தையே காட்ட மாட்டேங்கறா? நம்ம மேல ஏதாவது கோவமா?”

சாசேஜில் கடுகுச் சாந்தைத் தோய்த்துக்கொண்டே கேட்டார் லூபோர். பக்கத்தில் இருந்த போர்ஷெக்கின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அவன் பார்வை ஈட்டியோடு நின்ற தன் மனைவி ராட்மிலாவின் மேலேயே இருந்தது.

ராட்மிலாவின் ஒரு போட்டியைக்கூட லூபோர் விட்டதில்லை. போஸ்கோவிட்சே மைதானத்தில் எப்போதும் வலது பக்கப் படிக்கட்டுதான். அவள் ஓடிவந்து எறியும்போது உடம்பு இந்தப் பக்கம்தான் திரும்பும். பல்லைக் கடிப்பதுகூடத் தெளிவாகத் தெரியும். எதிர்ப்பக்கம் உட்காருகிறவன் முதுகைத்தான் பார்க்கவேண்டும் என்று ஊருக்கே பாடம் நடத்தியவர் அவர்.

இன்றைக்கு என்னவோ, இங்கேயும் முதுகுதான். போதாததற்கு எதிர் வெயிலில் கண் வேறு கூசியது.

“முப்பத்தாறு மீட்டர்” என்றது ஒலிபெருக்கி.

“அடக் கொடுமையே! அறுபத்து மூணு எறிஞ்சவப்பா அவ! முழங்கை ஆபரேஷன் முடிஞ்சு வீட்ல நிம்மதியா இருந்தவளை யாரு இங்க கூப்பிட்டா?”

“அவளேதான் வந்தா, அண்ணே. இன்னிக்கு நாப்பதைத் தாண்டலேன்னா ஈட்டியைப் பரண்ல போட்டுடறேன்னுட்டா. தாண்டிட்டா விடவே மாட்டாளாம்.”

“நாப்பதா? அவ பள்ளிக்கூடத்துல படிக்கறப்பவே அதைத் தாண்டினவளாச்சே!”

போர்ஷெக்கின் கையிலிருந்த பியரில் நுரை அடங்கிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

பின்வரிசையில் ஒருவன் கத்தினான். “அந்தம்மாகிட்ட ஸ்வெட்டர் பின்ற ஊசியைக் குடுங்கப்பா, அதையாவது தூரமா எறியட்டும்!”

லூபோருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைத் திட்டும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்பது அவர் எண்ணம். “யார்றா அது? ப்ராக்லேர்ந்து வந்தவனா? வாயை மூடிட்டு உக்காரு! அவ எறிஞ்ச தூரம் நீ நடந்தாலே மூச்சு வாங்கும்!”

கடைசி வாய்ப்பு. ராட்மிலா ஓடிவந்தாள். அதே முதுகு, ஒரு முறுக்கு, ஓர் அலறல். ஈட்டி வெயிலுக்குள் போய் மறைந்தது. லூபோர் சாசேஜை மறந்து எழுந்து நின்றார்.

நடுவர் வெள்ளைக் கொடியை உயர்த்தினார்.

“நாற்பத்தொன்று புள்ளி இரண்டு!”

ராட்மிலா புல்தரையில் மண்டியிட்டு அழுதாள். முதலிடம் வந்தவள் ஓடிவந்து அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். போர்ஷெக்கின் பியர் முழுக்க லூபோரின் சட்டையில் கொட்டியது.

“கடைசி இடத்துக்கா இந்தக் கூத்து?” சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டார் லூபோர். “தம்பி, மறைக்காம சொல்லு. அந்தக் கை தேறவே தேறாதா?”

“அதை முழுசா நீட்டவே முடியலை, அண்ணே. இனிமே தேறாதுன்னுட்டாங்க.” போர்ஷெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். “பழக்கதோஷத்துல நானும் உங்ககூட இங்கயே வந்து உக்காந்துட்டேன். அடுத்த வாரம் ரெண்டு பேரும் எதிர்ப்பக்கம் போயிடுவோம், முகம் நல்லாத் தெரியும். அவ இப்ப எறியறது இடது கையால.”