யாரைவிட சீனியர்?

கூடத்தில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அவர் மனைவி, மகன், புது மருமகள் என நால்வர் இருந்தார்கள். இளையவர்கள் இருவரும் வக்கீல்கள்.

"நாளைக்கு எனக்குப் பாராட்டு விழா. நீ வரணும்டா."

"கேஸ் இருக்குப்பா. சீனியர் விடமாட்டாங்க."

பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பிடக் கூப்பிட்டாலும் சீனியர், சினிமாவுக்குக் கூப்பிட்டாலும் சீனியர்.

"யாரைவிடடா சீனியர்?"

"என்னைவிடப்பா."

"நம்ம குடும்பத்துல எவனும் எவனுக்கும் கைகட்டி நின்னதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி அவனை நாலு கேள்வி கேக்கறேன்!"

"விடுங்களேன்" என்றாள் மனைவி.

மகனின் போனைப் பறித்து, 'சீனியர்' என்றிருந்த எண்ணை அழுத்தினார்.

மருமகளின் கைப்பையில் மணி அடித்தது. அவள் எடுத்து, "சொல்லுங்க மாமா" என்றாள்.

பெரியவர் மன்னிப்புக் கேட்டதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. "ராங் நம்பர்" என்றுதான் சொன்னார்.