எலுமிச்சை நசுங்கியபோது எரிந்த விளக்குகள்

நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மணி பத்து பதினெட்டு. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புது வண்டி ஷோரூம் கேட்டைத் தாண்டியாக வேண்டும்.

தாண்டி, வாங்கியவர் கருத்துத் தாளில் நல்ல மார்க்கும் போட்டுவிட்டால் சுகாசினிக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் வீடுதான்.

"உனுக்கு அறிவும் இருக்குது, வாயும் இருக்குது. ரெண்டுத்துல ஒண்ண வீட்ல வெச்சிட்டு வாம்மா" என்று மேலாளர் சரத்குமார் காலையில்தான் சொல்லியிருந்தார். போன மாதம் ஒருவர் தாளில் 'அந்தப் பொண்ணு பாடம் எடுக்குது' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு குறை வந்தால் போதும்.

பாடம் எடுக்காமல் என்ன செய்வாள்? குடும்பத்தில் முதல் பட்டதாரி, பி.இ. மெக்கானிக்கல். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் விளக்குகளையும் முட்களையும் விளக்கிச் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். சிவப்பு எரிந்தால் நிறுத்து. மஞ்சள் எரிந்தால் மெக்கானிக்கைப் பார். பச்சையும் நீலமும் சும்மா தகவல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஓட்டத்தான் தெரியாது. தினமும் ஷேர் ஆட்டோவில் வருகிறவள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

வண்டி வாங்கிய தென்னேரிக்காரர் பழனி ஸ்டீயரிங்கை மாட்டின் கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்து சீட்டில் மனைவி தேவகி, அரக்குப் பட்டுப் புடவையில், மடியில் தேங்காய்த் தட்டோடு.

சுகாசினி அரை மணி நேரமாகப் பழனியின் ஜன்னலோரம் நின்று விளக்கியிருந்தாள். தேவகி பக்கம் திரும்பவே இல்லை. தேங்காய்த் தட்டோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் ஆயில் பிரஷரைப் பற்றி என்ன பேசுவது?

ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு அலறியது. ஊழியர்கள் கை தட்டினார்கள். வண்டி ஒரு துள்ளு துள்ளியது. பழங்கள் பட்பட்டென்று நசுங்கின. வண்டி நின்றது.

"இன்னாமா இது? செவப்பா ரெண்டு எரியுது!"

எட்டிப் பார்த்தாள். எண்ணெய்க் குவளைப் படம் ஒன்று, பேட்டரிப் பெட்டிப் படம் ஒன்று.

வெளியே சொன்னால் வெட்கம், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. நான்கு வருடப் படிப்புக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது.

"சார், அசைக்காதீங்க!"

குவளை எரிந்தால் எண்ணெய் குறைவு என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது, என்ஜினுக்குள் எண்ணெயைத் தள்ளுகிற அழுத்தமே இல்லை என்று அர்த்தம் என்றாள். பேட்டரி எரிந்தால் பேட்டரி செத்துவிட்டது என்றில்லை, அதற்கு மின்சாரம் ஊட்டுகிற ஆல்டர்னேட்டர் சுற்றவில்லை என்றாள். ஒன்று எரிந்தாலே ஆபத்து. இரண்டும் எரிந்துகொண்டு ஒரு கிலோமீட்டர் போனால் என்ஜின் இரும்புக் கடைக்குத்தான்.

பழனியின் முகம் கறுத்தது. "புது வண்டியிலயே இப்டியா? நாள் பாத்து வந்தும் சகுனம் சரியில்லியே."

மணி பத்து இருபத்தைந்து. சரத்குமார் ஓடி வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் கண் இடதுபக்க முள்ளில் விழுந்தது. நிமிடத்துக்கு என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள். பூஜ்யத்தில் படுத்திருந்தது.

அழுத்தம் இல்லை, சரி. ஆல்டர்னேட்டர் சுற்றவில்லை, அதுவும் சரி. என்ஜினே ஓடவில்லை. கிளட்சைப் படக்கென்று விட்டதில் வண்டி அணைந்துவிட்டிருந்தது, பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. தூங்குகிறவனைப் பார்த்து, பார்வையும் போச்சு பேச்சும் போச்சு என்று வைத்தியம் சொன்ன கதை.

ஒப்புக்கொண்டிருக்கலாம். ஊரில் எல்லாரையும் முகத்துக்கு நேரே கேட்கிற வாய், இப்போது வேறு மாதிரி திறந்தது.

"கிளட்ச மிதிச்சி, சாவிய ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார். ரீசெட் ஆயிடும்."

ரீசெட். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவருக்குக் காஞ்சிபுரத்தில் இன்னொரு கோயில் கட்டலாம்.

என்ஜின் உறுமியது. இரண்டு விளக்கும் அணைந்தன.

"படிச்ச பொண்ணுன்னா படிச்ச பொண்ணுதான்பா!" என்றார் பழனி. பத்து இருபத்தெட்டுக்கு வண்டி கேட்டைத் தாண்டி, சாலையோரம் ஒதுங்கி நின்றது.

சுகாசினி மார்க் போடும் தாளோடு பின்னாலேயே ஓடினாள்.

பழனி வேர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். "பழத்து மேல ஏத்தறது ஆம்பள கையாலதான் இருக்கணும்னு எங்கம்மா ஒரே பிடிவாதம். அதுக்கோசரம் ரெண்டு நாளா இவதான் கத்துக்குடுத்தா" என்றபடி தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு இடதுபக்கம் போய் ஏறினார்.

தேவகி வலதுபக்க சீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். சீட்டை முன்னால் இழுத்துக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். பிறகு தாளை வாங்கி, ஸ்டீயரிங் மேல் வைத்து மடமடவென்று எழுதி, சுகாசினியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"முள்ளு சைபர்ல நிக்கறத அப்பவே பாத்தேன் கண்ணு. நீ அவ்ளோ ஜோரா சொல்லிக்கினு இருந்தியா, நடுவுல பூர மனசு வரல."

வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பி, வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்கு நடுவே கலந்தது.

"எவ்ளோ போட்ருக்காங்க?" கேட்டிலிருந்து சரத்குமார் குரல் கொடுத்தார்.

வரவேற்பு, பத்து. வண்டியின் சுத்தம், பத்து. ஊழியரின் மரியாதை, பத்து.

கடைசிக் கேள்வி: விளக்குகளும் முட்களும் வண்டி ஓட்டுபவருக்கு விளக்கப்பட்டனவா?

தேவகி 'இல்லை'யை வட்டமிட்டிருந்தார்.